கேட்டவர் கடன்

ஒருவரிடம் சென்று, "உமது மனத்தில் என்ன துயரம்?" என்று நாம் கேட்கிறோம். அவரும் நம்மை நம்பி உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறார். சொன்னதோடு அவர் செய்ய வேண்டியது முடிந்துவிடுகிறது. கேட்ட நமது கடமையும் அதனோடு முடிந்துவிடுகிறதா? அன்றி, அப்பொழுதுதான் அது தொடங்குகிறதா?

இவ்வினா பழமையானது. ஆயினும் இக்காலத்தில் இது புதிய உருவங்கொண்டு நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துள் நுழைந்திருக்கிறது. மாணவர்களின் மனநலம் எவ்வாறு உள்ளது என்று கேள்வித்தாள் கொடுத்துக் கேட்கிறார்கள். வந்த விடைகளைக் கூட்டி, நூற்றுக்கு இத்தனை பேர் என்று கணக்கிடுகிறார்கள். அக்கணக்கை 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னே பாடமாக வைக்கலாமா? வைப்பதாயின் எம்முறையில் வைப்பது அறமாகும்? இதுவே இங்கு நாம் ஆராயப் புகுவது.

அளவு எதற்கு?

இச்சிந்தனை நம்முள் எழுந்த இடம் கடக்வாஸ்லா. புனே நகரிலிருந்து சிம்மகட் கோட்டைக்குச் செல்லும் சாலையில், முட்டா ஆற்றின் குறுக்கே 19ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பெற்ற கல்லணையை அடுத்துள்ள ஊர் அது. தேசியப் பாதுகாப்பு அகாடமி என்னும் படைப்பயிற்சிக் கல்லூரி அங்கே இருக்கிறது. மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான் உள்ளது. 1916இல் பம்பாய் மாகாண அரசு சிறிய அளவில் தொடங்கிய அந்நிலையத்தில், ஆறுகளையும் அணைகளையும் துறைமுகங்களையும் சிறு மாதிரிகளாக அமைத்து, அவற்றில் நீரை ஓடவிட்டு, எங்கே கரை அரிக்கும், எங்கே மணல் படியும் என்று அளந்து பார்க்கிறார்கள். மழைக்காலம் வந்துவிட்டாலோ, கடக்வாஸ்லா, பான்ஷேத், வரஸ்காவ், டெம்கர் என்னும் நான்கு நீர்த்தேக்கங்களிலும் எவ்வளவு நீர் நிற்கிறது, மதகுகளின் வழியே வினாடிக்கு எத்தனை கன அடி திறந்துவிடப்படுகிறது என்பன நாள்தோறும் செய்தித்தாள்களில் வருகின்றன. நீரை அளப்பது அவ்வூரின் அன்றாடத் தொழில் எனலாம்.

அளப்பது எதற்காக? மதகைத் திறக்க வேண்டிய வேளையில் திறப்பதற்காக. ஆற்றின் கீழ்ப்புறத்தே வாழ்வோர்க்கு முன்னரே சொல்வதற்காக. இதனை அவ்வூர் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1961ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12ஆம் நாள், மேற்புறத்தே ஆம்பி ஆற்றில் புதிதாக எழுந்துகொண்டிருந்த பான்ஷேத் மண்ணணை உடைந்தது. அவ்வெள்ளத்தின் தாக்குதலால் கடக்வாஸ்லா அணையும் அன்றே உடைந்தது. புனே நகரின் ஆற்றங்கரைப் பகுதிகள் நீரில் மூழ்கின. அணை தளர்கிறதென்பது அணையில் நின்றோர்க்கு முன்னரே தெரியும். இராணுவ வீரர்கள் இரவெல்லாம் மணல் மூட்டைகளை அடுக்கி அதனைத் தாங்கினார்கள். இரவில் நேர்ந்திருக்க வேண்டிய உடைப்பு அவர்களுடைய உழைப்பாலேயே பகல்வரை தள்ளிப்போயிற்று என்பர். ஆயினும், நகரத்தில் பெரும்பாலோர் அன்று காலையிலும் வழக்கம்போல் தத்தம் வேலையைத் தொடங்கியிருந்தனர். அறிந்தோர் சிலராகவும் வெள்ளத்தில் அகப்படுவோர் பலராகவும் இருக்கும்போது, அறிவு இருந்தும் அது பயன்தராது போகிறது. ஆதலின், ஓர் அளவு யாரைப் பற்றியதோ, அவரிடமும் அவ்வளவு போய்ச் சேருதல் வேண்டும் என்பதை நாம் முதலில் மனங்கொள்ள வேண்டும்.

மாலையில் பள்ளி விட்டதும், அவ்வூர்ப் பிள்ளைகள் நீர்த்தேக்கத்தை ஒட்டிய சாலையில் கூட்டங்கூட்டமாக வருகிறார்கள். சோளக்கதிரைக் கனலில் வாட்டி விற்போரைச் சுற்றிச் சிலர் நிற்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழும் குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு; படைப்பணியாலும் அரசாங்கப் பணியாலும் நாட்டின் நாற்புறத்திலிருந்தும் மாற்றலாகி வந்தோரின் பிள்ளைகளும் உண்டு. சிரித்துக்கொண்டு செல்லும் அப்பிள்ளைகளுள் யார் நெஞ்சில் எத்தனை அடி நீர் நிற்கிறதென்று எந்த அளவுகோல் காட்டும்? நீர்த்தேக்கத்தின் நீர், தான் அளக்கப்படுவதை அறியாது. அளவைக் கேட்டு அது நாணுவதுமில்லை, அஞ்சுவதுமில்லை. பிள்ளையோ அறியும். தான் எதைச் சொன்னோம், யாரிடம் சொன்னோம், சொன்னதனால் யாது விளைந்தது என்பதை அது மறப்பதில்லை. நீரை அளப்பதற்கும் மனத்தை அளப்பதற்கும் உள்ள வேற்றுமை இதுவே. நாம் பேசவரும் அறம் முழுவதும் இவ்வேற்றுமையிலிருந்தே பிறக்கிறது.

மூன்று இலட்சத்து எழுபத்தொன்பதாயிரம் விடைகள்

தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு தன்னுடைய 'மனோதர்ப்பண்' பிரிவின் வாயிலாக, 2022ஆம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச்சு வரையில், 6 முதல் 12 முடியவுள்ள வகுப்புகளின் மாணவர்களிடம் மனநலம் பற்றிய கேள்விகளைக் கேட்டது. 36 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளிலிருந்தும் 3,79,842 மாணவர்கள் விடையளித்தனர். அவர்களுள் 6, 7, 8ஆம் வகுப்புகளில் பயின்றோர் 1,58,581 பேர். அவ்வாண்டு செப்டம்பரில் அறிக்கை வெளியாயிற்று. பள்ளிவாழ்வு தமக்கு மனநிறைவு தருகிறது என்றோர் நூற்றுக்கு 73 பேர். தம் மனநிலை அடிக்கடி மாறி அலைகிறதென ஒப்புக்கொண்டோர் 43 பேர். மனக்கலக்கத்துக்குக் காரணமாகப் படிப்பையும் தேர்வையும் தேர்வு முடிவையும் சுட்டியோர் 81 பேர். கேள்வி கேட்கத் தயங்குவதாகச் சொன்னோர் 28 பேர். நடுநிலை வகுப்பைக் கடந்து உயர்நிலை வகுப்புக்குச் செல்லுங்கால் மனநிறைவு குறைகிறது என்பதும் அவ்வறிக்கையால் தெரியவந்தது. நெடுங்காலம் மூடிக்கிடந்த பள்ளிகள் மீண்டும் திறந்துவந்த வேளையில் எடுத்த கணக்கு அது என்பதையும் நாம் மறத்தலாகாது.

இது நம் நாட்டில் மட்டும் நிகழ்வதன்று. ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் கனடாவிலும், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு, 11, 13, 15 வயதுப் பிள்ளைகளிடம் நான்காண்டுக்கு ஒருமுறை இத்தகைய கணக்கெடுப்பு 1980களிலிருந்து நடந்து வருகிறது.

நம் நாட்டுக் கணக்கெடுப்பில் நமது உள்ளத்தைத் தொட்ட சிறு செய்தி ஒன்றுண்டு. விடைத்தாளில் பெயர் எழுதும் இடத்தை மாணவரின் விருப்பத்துக்கே விட்டிருந்தார்கள். அச்சமின்றி, மறைவாக, உரிமையோடு பிள்ளைகள் விடையளிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். கேள்வியைக் கேட்டோர் பிள்ளைகளோடு பேசாமற் செய்துகொண்ட உடன்படிக்கை என்றே இதனைக் கொள்ளல் வேண்டும். "நீ யார் என்று நாங்கள் தேடமாட்டோம்; நீ உண்மையைச் சொல்" என்பது அதன் பொருள். அவ்வுடன்படிக்கையை நம்பியே அத்தனை பிள்ளைகளும் எழுதினார்கள்.

கடுகு தேடிச் சென்ற தாய்

இனி, ஒரு தடை எழுப்பப்படலாம். "பிள்ளைகளின் துயரக் கணக்கு அதிகாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் உரியது. அதனைப் பிள்ளைகளிடமே காட்டுவது ஏன்? பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தன்னிடம் இல்லாத கவலையையும் இருப்பதாக எண்ணிக்கொள்ளாதா?" என்பது அத்தடை.

இதனை வெற்றுத் தடையென்று நாம் தள்ளமாட்டோம். அச்சமூட்டும் குரலில் எண்களை அடுக்கினால் அவ்விளைவு நேரவுங்கூடும். ஆனால் மறைத்து வைப்பதன் தீமையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். துயருறும் பிள்ளைக்குத் துயரம் ஒரு பாரமென்றால், "எனக்கு மட்டுந்தான் இப்படி" என்னும் எண்ணம் அதனினும் பெரிய பாரம். கேள்வி கேட்க வாயெடுத்து அடக்கிக்கொள்ளும் மாணவன், தன்னைச் சுற்றிலும் உள்ள முகங்களைப் பார்க்கிறான். எல்லா முகங்களும் அமைதியாக இருக்கின்றன. ஆதலின் எல்லோர்க்கும் பாடம் விளங்கிவிட்டது, தான் ஒருவனே அறிவிலி என்று முடிவு செய்கிறான். அவன் முகமும் அவ்வாறே அமைதியாக இருப்பதைக் கண்டு, அடுத்த பெஞ்சிலுள்ளவனும் அதே முடிவுக்கு வருகிறான். ஒருவர் மௌனம் மற்றவரை ஏமாற்றுகிறது.

கிசாகோதமியின் வரலாறு நம் அன்பர்கள் அறிந்ததே. சாவத்தி நகரில், இறந்த குழந்தையை இடுப்பில் சுமந்து மருந்து கேட்டலைந்த அத்தாயிடம், "இதுவரை சாவு நேராத வீட்டிலிருந்து கொஞ்சம் கடுகு வாங்கி வா" என்று பகவான் பணித்தார். அவள் வீடுதோறும் சென்று கேட்டாள். கடுகு இல்லாத வீடில்லை. சாவு நேராத வீடுமில்லை. மாலைக்குள் அவள் மனம் தெளிந்தது.

அவள் செய்ததும் ஒருவகைக் கணக்கெடுப்பே அன்றோ? அக்கணக்கு அவளுடைய குழந்தையை மீட்டுத் தரவில்லை. தான் ஒருத்தி, உலகம் வேறு என்று அவளைச் சூழ்ந்து நின்ற மதிலை அது இடித்தது. இன்னும் இரண்டு நுட்பங்களை நாம் கவனித்தல் தகும். "எல்லோரும் இறப்பர், அழாதே" என்று பகவான் அவளுக்கு உரைத்துவிடவில்லை. அவளே எண்ணிக் காணும்படி அனுப்பினார். அடுத்து, எந்த வீட்டில் யார் இறந்தார் என்று அவள் தெருவில் நின்று கூறவில்லை. பொதுமையை அவள் கற்றுக்கொண்டாள். தனித்தனித் துயரங்கள் அந்தந்த வீட்டிலேயே மதிப்போடு தங்கிவிட்டன. மனநலக் கணக்கைப் பாடமாக்க விழையும் ஆசிரியர்க்கு இவ்விரண்டையும்விட வேறு வழிகாட்டல் வேண்டியதில்லை.

நாற்பது பேர் உள்ள வகுப்பில்

40 பிள்ளைகள் உள்ள ஒரு 7ஆம் வகுப்பை எண்ணிக்கொள்வோம். பாடம் நூற்றுவீதம். வட்டிக்கணக்கையும் இலாபநட்டக் கணக்கையுமே கொடுப்பதற்கு மாறாக, ஒரு நாள் ஆசிரியர் இவ்வாறு கேட்கிறார்: "நாடெங்கும் மாணவர்களைக் கேட்டபோது, நூற்றுக்கு 28 பேர் கேள்வி கேட்கத் தயங்குவதாகச் சொன்னார்கள். நம் வகுப்பும் நாட்டைப் போன்றதே என்று வைத்துக்கொண்டால், இங்கே எத்தனை பேர்?" பிள்ளைகள் பெருக்கி வகுக்கிறார்கள். விடை 11.2 என்று வருகிறது. ".2 பேர் என்று ஒருவர் இருப்பாரா?" என்று யாரேனும் கேட்க, எல்லோரும் சிரிக்கிறார்கள். 11 பேர் என்று கொள்கிறார்கள். பெஞ்சுக்கு நால்வராகப் பத்துப் பெஞ்சுகள். ஆக, பெஞ்சுக்கு ஒருவர்க்குமேல் வருகிறது. இதுகாறும் தன்னை ஒருவனாக எண்ணியிருந்த பிள்ளை, தான் பதினொருவருள் ஒருவனாக இருக்கக்கூடும் என்று அறிகிறான். யாரும் யாரையும் சுட்டவில்லை. யாரும் வாய்திறந்து எதையும் ஒப்புக்கொள்ளவுமில்லை. ஒரு வகுத்தற்கணக்கு அம்மதிலில் ஒரு கல்லைப் பெயர்த்துவிட்டது.

பாடம் அங்கே நிற்றல் வேண்டா. "நம் வகுப்பு நாட்டைப் போன்றதென்று நாம் எப்படி அறிவோம்?" என்று ஆசிரியர் மீண்டும் கேட்கலாம். சராசரி என்பது எந்த ஒரு வகுப்பின் படமும் அன்று என்பது அப்பொழுது விளங்கும். "73 பேர் மனநிறைவோடு இருக்கிறார்களென்றால், எஞ்சிய 27 பேரும் துயருற்றவர்களா?" என்று கேட்கலாம். அல்லர், அவ்வாறு சொல்ல அவ்வெண் இடந்தரவில்லை, இடைநிலையில் நின்றோரும் விடையளியாதோரும் அதனுள் இருக்கலாம் என்பதைப் பிள்ளைகள் காண்பார்கள். "தேர்வைக் காரணமாகச் சொன்ன 81 பேரில், தேர்வுக்கு முதல்நாள் சிறிது படபடப்பவர் எத்தனை பேர்? திங்கட்கணக்கில் உறக்கமிழந்தவர் எத்தனை பேர்?" என்று கேட்கலாம். இருவரையும் அவ்வெண் ஒன்றாகவே எண்ணிவிட்டது. துயரத்தின் எடை அதில் ஏறவில்லை. இவ்வாறு எண் சொல்வதையும் எண் சொல்லாததையும் பிரித்துணரக் கற்ற பிள்ளை, நாளைச் செய்தித்தாளில் எந்த நூற்றுவீதத்தைக் கண்டாலும் ஏமாறாது.

மொழிப்பாடத்திலும் இதற்கு இடமுண்டு. "கேள்வி கேட்கத் தயங்கும் ஒரு மாணவி" என்று கற்பனையாக ஒருத்தியைப் படைத்து, அவள் ஏன் தயங்குகிறாள், யாருடைய எந்தச் சொல் அவளுக்குத் துணைசெய்யும் என்று எழுதச் செய்யலாம். பிள்ளை தன் மனத்தையே எழுதினாலும், அது கதைமாந்தரின் மனம் என்னும் திரையின் பின்னே பாதுகாப்பாக இருக்கும். மன அழுத்தத்தைத் தாங்க மாணவர்கள் கையாண்ட வழிகளுள் யோகமும் தியானமும், எண்ணும் முறையை மாற்றிக்கொள்ள முயல்வதும், நாட்குறிப்பு எழுதுவதும் முதன்மையாக இருந்தன என்று அவ்வறிக்கையே கூறுகிறது. நோயை மட்டும் சொல்லி நிறுத்தாமல், தம்மையொத்த பிள்ளைகள் கண்ட மருந்தையும் சேர்த்துச் சொல்வதே முழுப் பாடமாகும்.

நாம் செய்த பிழை

இங்கே நம் குற்றம் ஒன்றை மறையாது சொல்லுதல் வேண்டும். நாம் ஆசிரியப் பணி புரிந்த காலத்தில், ஒரு பள்ளியில் — ஊரும் பெயரும் வேண்டா — 7ஆம் வகுப்புக்குப் பட்டை விளக்கப்படம் கற்பிக்க நேர்ந்தது. புத்தகத்திலுள்ள கணக்கு உயிரற்றதாகத் தோன்றியமையால், பிள்ளைகளின் வாழ்விலிருந்தே ஒன்றை எடுக்க விரும்பினோம். 38 பேருக்கும் சிறு சீட்டுக் கொடுத்து, "நண்பகலில் யாருடன் அமர்ந்து உண்கிறாய்?" என்று கேட்டோம். பெயர் எழுத வேண்டாமென்று சொன்னோம். அதுவே போதிய காவலென்று நம்பினோம்.

சீட்டுகளை அங்கேயே எண்ணிக் கரும்பலகையில் பட்டைகளை வரைந்தோம். பல நண்பருடன் உண்போர், ஒரு நண்பருடன் உண்போர், உடன்பிறந்தாருடன் உண்போர் என்று பட்டைகள் உயர்ந்தும் தாழ்ந்தும் நின்றன. கடைசியில் "தனியே" என்பதற்கு ஒரே ஒரு கட்டம். அதனை வரைந்து திரும்பியபோது, வகுப்பில் ஒரு சலசலப்பு எழுந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிறிது நேரத்தில் எல்லாக் கண்களும் ஒரு மூலைக்குச் சென்றன. ஆண்டின் இடையில் வேற்றூரிலிருந்து வந்து சேர்ந்த சிறுவன் ஒருவன் அங்கே இருந்தான். "நான் இல்லை, நான் தனியே உண்பதில்லை" என்றான். அவனை யாரும் வாய்திறந்து கேட்கவேயில்லை.

மறுநாள் முதல் நண்பகலில் அவன் உணவுப் பாத்திரத்தைக் கையில் ஏந்தி, மற்றவர்கள் கூடியிருக்கும் இடத்தின் ஓரத்தில் நின்றான். உண்டதாக நாம் காணவில்லை. சில திங்கள் கழித்துப் பள்ளியில் வேறொரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். அவனுடைய கையெழுத்து நமக்குத் தெரியும். எல்லாக் கேள்விகளுக்கும் நேராக, "நன்று, நன்று" என்றே எழுதியிருந்தான்.

நாம் அவனுடைய பெயரைக் கேட்கவில்லை. ஆயினும் "ஒன்று" என்னும் எண்ணே அவனுக்குப் பெயராகிவிட்டது. நாம் வரைந்த படத்தில் பிழை ஏதுமில்லை. எண்ணியதும் சரி, வரைந்ததும் சரி. உண்மையைத்தான் எழுதினோம். ஆனால் நல்வாய்மைக்கு உண்மை ஒன்றே போதாதென்று நம் நெறி கற்பிக்கிறது. சொல் உண்மையாக இருத்தல் வேண்டும். காலம் அறிந்ததாக, இனியதாக, பயனுள்ளதாக, அன்புள்ளத்தோடு சொல்லப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். கரும்பலகையில் எழுதிய எண்ணும் சொல்லே ஆகும். அவ்வைந்தனுள் ஒன்றை மட்டும் பேணி நான்கை நாம் மறந்தோம்.

கொடாததைக் கொள்ளாமை

ஐந்து சீலங்களுள் இரண்டாவது, கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்ளாமை. இதனைப் பொன்னுக்கும் பொருளுக்கும் மட்டும் உரியதாக நாம் கருதிவிடுகிறோம். பிள்ளை தன் மனத்திலிருந்து ஒன்றை எடுத்து நம் கையில் வைக்கும்போது, இன்ன காரியத்துக்கு என்று நம்பியே வைக்கிறது. அக்காரியத்தைக் கடந்து வேறொன்றுக்கு அதனை நாம் கையாண்டால், கொடாததை எடுத்துக்கொண்டவராகிறோம். அச்சிறுவன் நமக்கு ஒரு விடையைத் தந்தான். வகுப்பார் அனைவரும் பார்க்கத் தன் தனிமையை அவன் தரவில்லை. அதனை நாமே எடுத்துக்கொண்டோம். 2023இல் இயற்றப்பெற்ற மின்னணுத் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோர் பற்றிய செய்திகளைக் கையாளுதற்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டுமென்று பொதுவிதி வகுத்து, சில விலக்குகளையும் அளித்திருக்கிறது. சட்டம் காட்டும் எல்லை அது. அறத்தின் எல்லை அதற்கும் உட்புறத்தே நிற்கிறது. பெற்றோர் கையொப்பமிட்டிருந்தாலும், பிள்ளை நாணிக் குறுகுமாயின் நாம் எடுத்தது கொடாததே.

ஆகவே, அனுபவத்தால் நாம் கற்றவற்றை ஆசிரிய அன்பர்களுக்குச் சொல்லிக்கொள்கிறோம். முதலாவது, மனத்துயரைப் பற்றிய எண்களைப் பாடமாக்கும்போது, நாட்டின் எண்ணையோ பள்ளி முழுவதன் எண்ணையோ எடுத்துக்கொள்க. அவ்வகுப்பின் எண்ணை அவ்வகுப்பிலேயே காட்டற்க. ஒரு விடையைச் சொன்னோர் பத்துப் பேருக்குக் குறைவாயின் அவ்வெண்ணை வெளியிடுவதில்லை என்று கணக்கெடுப்போர் பலர் வழக்கமாகக் கொண்டிருக்கிறார்கள், அது நல்வழக்கு. வகுப்பிலேயே எண்ணிப் பார்க்க வேண்டுமாயின், எத்தனை பேர் நடந்து வருகிறார்கள், எத்தனை பேருக்கு மாம்பழம் பிடிக்கும் என்பவை போல, ஒன்று என்று வந்தாலும் ஒருவரையும் புண்படுத்தாதவற்றை எண்ணுக. இரண்டாவது, "உன் அனுபவத்தைச் சொல்" என்று எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்தற்க. சொல்லாமல் இருக்கும் உரிமையும் பிள்ளைக்கு உரியது. மூன்றாவது, எதற்காகக் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள், பின்பு என்ன செய்வோம் என்பதைக் கேட்பதற்கு முன்னரே பிள்ளைகளிடம் அவர்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிவிடுக. சொன்னபடி நடப்பதே நான்காவது. அதுவே எல்லாவற்றினும் அரிது.

உணவு முன்னர், உபதேசம் பின்னர்

ஆளவி நகரில் நிகழ்ந்ததாக ஒரு வரலாறு உண்டு. ஏழை உழவன் ஒருவன் காணாமற்போன தன் மாட்டைத் தேடி நெடுந்தொலைவு அலைந்து, பசியோடு பகவானுடைய அவைக்கு வந்து சேர்ந்தான். அவன் வரும்வரை பகவான் அறவுரை தொடங்காமல் இருந்தார். வந்ததும், முதலில் அவனுக்கு உணவளிக்கச் சொன்னார். அவன் உண்டு இளைப்பாறிய பின்னரே அறத்தைப் போதித்தார்.

மனநலக் கணக்கைப் பாடமாக்குவோர் எண்ணவேண்டியது இதுவே. 28 பேர் கேள்வி கேட்கத் தயங்குகிறார்கள் என்று கற்பித்துவிட்டு, மறுநாள் தவறாகக் கேட்ட ஒரு பிள்ளையை நாமே ஏளனஞ் செய்வோமாயின், அப்பாடம் பொய்யாகிவிடும். கேள்வியைச் சீட்டில் எழுதிப் போட ஒரு பெட்டி வைக்கலாம். கேள்வி கேட்டுவிட்டு, விடைக்காகச் சற்றே பொறுத்திருக்கலாம். "எனக்கும் இது முதலில் விளங்கவில்லை" என்று ஆசிரியரே ஒப்புக்கொள்ளலாம். 81 பேரின் கலக்கத்துக்குக் காரணமான தேர்வை ஒழிக்க ஓர் ஆசிரியரால் ஆகாது. ஆனால் மதிப்பெண்களை வகுப்பில் உரக்கப் படிப்பதை நிறுத்த அவரால் ஆகும். ஒரே நாளில் இரு பாடங்களுக்குத் தேர்வு வைப்பதைத் தவிர்க்கத் தம் உடனாசிரியரோடு பேசிக்கொள்ள ஆகும். தனியே உண்ணும் பிள்ளை இருப்பதாக அறிந்தால், கரும்பலகையில் கட்டம் வரைவதை விடுத்து, நண்பகலில் எல்லோரும் வட்டமாக அமரும்படி இருக்கைகளை மாற்றிவிடலாம். நாம் அதனைச் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை.

ஆசிரியரின் கைக்கு எட்டாத துயரங்களும் உண்டு. அவற்றைத் தாமே தீர்க்க முயலாமல் தக்காரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். 100 மாணவர்க்குக் குறையாத கல்விநிலையங்களில் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவரேனும் இருத்தல் வேண்டுமென்று உச்சநீதிமன்றம் 2025ஆம் ஆண்டு ஜூலையில் நெறிகாட்டியிருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலிமானஸ்' தொலைபேசி உதவிக்கு 14416 என்பது எண். கணக்கைப் பாடமாக வைக்கும் நாளிலேயே, இன்னாரிடம் செல்லலாம், இவ்வெண்ணில் பேசலாம் என்பதையும் கரும்பலகையில் எழுதிவைத்தல் நன்று. அன்று எழுதும் எண்களுள் பிள்ளைகளுக்கு மிகவும் வேண்டியது அவ்வெண்ணாகவும் இருக்கலாம்.

"எம்மால் ஒன்றும் செய்ய இயலாதாயின்?" என்று சிலர் வினவக்கூடும். செய்ய மனமில்லாதவர் கேளாதிருப்பதே நலம் என்போம். செய்ய மனமிருந்தும் ஆற்றல் குறைந்தோர், "கேட்டோம், இவ்வளவுதான் எங்களால் இவ்வாண்டு செய்ய முடிந்தது" என்று பிள்ளைகளிடமே வந்து சொல்லுதல் வேண்டும். தம் சொல் போய்ச் சேர்ந்தது என்று அறிந்த பிள்ளை, அடுத்த முறையும் உண்மையைச் சொல்லும். போய்ச் சேரவில்லை என்று அறிந்த பிள்ளை, "நன்று, நன்று" என்று எழுதும். அதன் பின்னர் எத்தனை இலட்சம் விடைகளைக் கூட்டினாலும், கிடைப்பது மனத்தின் அளவன்று; அஞ்சியோர் எழுதிய பொய்யின் அளவு.

கடக்வாஸ்லா அணையில் மழைநாளில் மதகு திறக்கும் முன்னர், இத்தனை கன அடி நீர் வருகிறதென்று ஆற்றின் கீழுள்ளோர்க்கு அறிவிக்கிறார்கள். அளப்பவரும் அறிவிப்பவரும் மதகைத் திறப்பவரும் ஒரே கடமையின் மூன்று கைகளாக நிற்கிறார்கள். வகுப்பறையிலோ அம்மூன்று கைகளும் பெரும்பாலும் ஓர் ஆசிரியருக்கே உரியவை. கேட்பதற்கு முன்னர், தரப்போவது யாது என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்வாராக. கேட்ட பின்னர், நம்பிச் சொன்ன பிள்ளையின் முகம் வாடாதபடி காப்பாராக. பாடம் முடிந்து மணியடித்ததும், யாருடன் யார் உண்ண அமர்கிறார்கள் என்று ஒருமுறை வெளியே வந்து பார்ப்பாராக.